சல்லிவேர் தேடி: ராசப்ப செட்டி தெருவிலிருந்து கோவளம் வரை, ஒரு மார்கழி வாரம்

திங்கள்: ராசப்ப செட்டி தெரு

மூலிகை வேருக்குள் வாழும் பூஞ்சையைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெரு. சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நாட்டு மருந்துக் கடைகளில் சாக்குச் சாக்காக வேர் கிடக்கிறது: நன்னாரி, அமுக்கரா, கொடிவேலி, தண்ணீர்விட்டான், வெட்டிவேர். இதில் எந்த வேருக்குள் பூஞ்சை இருக்கும் என்று கேட்டால், வெட்டிவேரைத் தவிர அநேகமாக எதிலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம் வேரின் உடற்கூறு. செடிக்கு மண்ணிலிருந்து பாஸ்பரஸ் எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சை, விவசாயிகள் 'வேம்' என்று சொல்வது, இளவேரின் புறணியில், அதாவது வெளித்தோலுக்கும் நடுவிலுள்ள குழாய்த் தொகுப்புக்கும் இடைப்பட்ட சதையில், மட்டும்தான் குடியிருக்கும். வேர் பருக்கத் தொடங்கினால் உள்ளே கட்டையும் வெளியே தக்கையும் வளரும். பழைய புறணி வெடித்து உதிரும். பூஞ்சையும் அதோடு போய்விடும். மருந்துக்கு வேண்டியது பருத்த வேர். பூஞ்சை இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த சல்லிவேரில். அதை வேர் தோண்டுகிறவர் நிலத்திலேயே உருவி எறிந்துவிடுகிறார், தப்பியது கடையில் சலிக்கும்போது கழிகிறது. ஆக, இந்த வாரம் முழுக்கத் தேடப்போவது வியாபாரத்தில் குப்பைக்குப் போகிற பகுதியை.

கடையிலேயே ஒரு குறுக்கு வழியும் உண்டு. சமூலம் என்று வேரோடு பிடுங்கிக் காயவைத்த கட்டுகள் விற்கிறார்கள். கீழாநெல்லி, நெருஞ்சி இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். 50 கிராம் வாங்கி, வேர்ப்பகுதியை மட்டும் நறுக்கி ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் சல்லிவேர் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். புதன்கிழமைப் பதிவில் வரும் முறைப்படி சாயம் ஏற்றினால் பூஞ்சை இழைகளும் எண்ணெய்ப் பைகளும் தெரியும். செல்லுக்குள் கிளைவிடும் நுண்மையான பாகம் காயும்போதே நசுங்கிவிடுவதால் அதை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

காய்ந்த வேரின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருப்பது வேறு சமாச்சாரம். அது சேமிப்பில் பிடித்த பூசணம், பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம். செடியோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கு ஈரம் இழுத்துவிட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் வந்து அஃப்ளடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சை விட்டுவைக்கும். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அது முழுதாகப் போகாது. வாங்கும்போது ஒடித்துப் பாருங்கள்: 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தாலோ முக்கல் வாடை அடித்தாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

செவ்வாய்: வண்டலூர்ப் பக்கம்

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-இல் திறந்தது. அங்கே செடிகளை அடையாளம் கண்டுகொள்ளலாம், தோண்டக் கூடாது. கிண்டி தேசியப் பூங்காவிலும் நன்மங்கலம் காப்புக்காட்டிலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்க முடியாது. ஆகையால் வேர் எடுப்பதெல்லாம் உரிமையாளர் சம்மதம் தந்த தனியார் நிலத்தில்தான். வண்டலூர் தாண்டினால் அப்படிப்பட்ட மனைகளில் நிலவேம்பு, கீழாநெல்லி, குப்பைமேனி, ஆடாதோடை எல்லாம் தானாகவே முளைத்துக் கிடக்கின்றன.

பருவம் முக்கியம். வடகிழக்கு மழை ஓய்ந்து மூன்று நான்கு வாரம் கழித்து, அதாவது மார்கழிக் கடைசியிலிருந்து தை நடுவரை, சல்லிவேர் புதிதாக ஓடியிருக்கும். மழை கொட்டும்போது எடுத்தால் மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகலாக வரும். சித்திரையில் எடுத்தால் சல்லிவேரே இருக்காது. மண்ணில் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) மட்டும் காத்திருக்கும். வேர் பார்க்க மார்கழி, வித்து பார்க்கக் கோடை என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் முறை: தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி வட்டமாகக் குத்தி, 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு சேர்த்துத் தூக்க வேண்டும். கீழாநெல்லி மாதிரிச் சிறு செடிக்கு 10 செ.மீ. ஆழம் போதும். அடுத்ததுதான் எல்லோரும் சறுக்கும் இடம். கட்டியில் கிடக்கிற மெல்லிய வேரையெல்லாம் அள்ளிக்கொண்டு போனால் பாதி அருகம்புல்லின் வேராகவோ கோரையின் வேராகவோ இருக்கும். தண்டின் அடியில் தொடங்கி, தடித்த வேர், அதன் கிளை, அதன் சல்லி என்று விரலாலேயே தொடர்ந்து நுனிவரை வந்ததை மட்டும் நறுக்குங்கள். தொடர்பு அறுந்த வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

ஒரு செடிக்கு ஒரு கிராம் சல்லிவேர், அரைக் கிலோ மண். வேரைத் தேய்த்துக் கழுவினால் புறணி உரிந்து வெறும் நார் மிஞ்சும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தானாக மண் இறங்கியபின் மெல்ல அலசுவது சரி. அலசியதை 50 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். ஆல்கஹால் கையில் இல்லையென்றால் ஈரத்துணியில் சுற்றி, பனிக்கட்டி போட்ட டப்பாவில் வைத்து, மறுநாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஸ்கூட்டர் டிக்கியில் பாலித்தீன் பையோடு வைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம் வந்தால் வேர் அவிந்துவிடும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பேனா எழுத்து ஆல்கஹாலில் கரைந்து எது எந்தச் செடி என்று தெரியாமல் போகும்.

புதன்: சாயம் ஏற்றும் நாள்

இன்று பயணம் இல்லை. வேலை முழுக்க மேசையில். பூஞ்சை இழைக்கு நிறம் கிடையாது, வேருக்கோ உள்ளே சாறும் பழுப்பும். முதலில் வேரை வெளுத்து, பிறகு பூஞ்சைக்கு மட்டும் நிறம் ஏற்ற வேண்டும்.

1970-இல் பிலிப்ஸ், ஹேமன் இருவரும் சொன்ன டிரிப்பான் புளூ முறைதான் ஆய்வகங்களில் நெடுநாள் வழக்கம். அந்தச் சாயம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற ஐயம் இருப்பதால், 1998-இல் வந்த பேனா மை, வினிகர் முறையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். மலிவு, கல்லூரி மாணவர்கள் கையிலும் கொடுக்கலாம்.

வேரை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, எவர்சில்வர் டீ வடிகட்டிக்குள் போடுங்கள். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும்: 10 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் காரத்தைச் சிறுகச் சிறுகப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். அலுமினியத்தில் ஊற்றினால் பொங்கி ஹைட்ரஜன் வரும், பாத்திரமும் ஓட்டையாகும். இதற்கு எடுத்த பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.

வடிகட்டியைக் கரைசலில் அமிழ்த்தி, வெளியே வெந்நீர் இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் வைத்து 90 டிகிரி செல்சியஸில் சூடாக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது செடியைப் பொறுத்தது. கீழாநெல்லி, துளசிக்கு 15 முதல் 20 நிமிடம். நிலவேம்புக்கு அரை மணி. ஆடாதோடை, நொச்சி போல முரட்டு வேருக்கு ஒரு மணி நேரம் வரை போகும். அவற்றை முந்தின இரவே குளிர்ந்த கரைசலில் ஊறப்போட்டால் சூட்டில் நேரம் மிச்சம். கரைசல் டீ நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். வேர் கண்ணாடி போலத் தெளிந்து, இடுக்கியால் தூக்கினால் முழுதாக வர வேண்டும், அதுதான் பதம். இடுக்கியில் கூழாக வழிந்தால் நேரம் கூடிவிட்டது. அந்தத் துண்டுகளை எண்ணிக்கைக்கு எடுக்கக் கூடாது.

வெந்தபின்னும் பழுப்பு விடாத வேருக்கு ஒரு படி கூடுதல். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மி.லி., அதில் அம்மோனியா கரைசல் 3 மி.லி. கலந்து, 10 முதல் 30 நிமிடம் போட்டால் வெளுக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதிகம் வெளுத்தால் பூஞ்சையும் சேர்ந்து அழியும்.

அலசியபின் சாயம். வெள்ளை வினிகர் 95 மி.லி., ஊற்றுப்பேனா மை 5 மி.லி. கொதிநிலைக்குக் கொண்டுவந்து வேரை 3 நிமிடம் போட்டால் போதும். வினிகர் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னல் பக்கம் வையுங்கள். பிறகு சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம். ஓர் இரவு விட்டால் பின்புலம் இன்னும் தெளியும்.

சென்னையில் இந்த முறை சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தண்ணீர். போர் தண்ணீர் காரமும் உப்புமாக இருப்பதால் கடைசி அலசலில் சாயம் மொத்தமும் இறங்கிவிடும். காய்ச்சி வடித்த நீர், அது இல்லையென்றால் கேன் தண்ணீர், இரண்டிலும் வினிகர் துளி அவசியம். இன்னொன்று, மை. எல்லா மையும் பூஞ்சைச் சுவரில் ஒட்டாது. வரைபடத்துக்கான கறுப்பு மையில் கரித்தூளும் அரக்கும் இருக்கும், அது வேர் மேல் படியுமே தவிர உள்ளே ஏறாது.

மையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே தோட்ட மண்ணை இரண்டு தொட்டியில் நிரப்பி, ஒன்றில் சின்ன வெங்காயம், மற்றதில் கடுகு போடுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டின் வேரையும் ஒன்றாகச் சாயத்தில் போடுங்கள். வெங்காயத்தில் வேர்ப்பூஞ்சை தாராளமாகக் குடியேறும். கடுகுக் குடும்பம் அதை உள்ளே விடாது. வெங்காயத்தில் நீலம் தெரியவில்லையென்றால் மை சரியில்லை அல்லது மண்ணில் பூஞ்சை இல்லை. கடுகில் நீல இழை நிறையத் தெரிந்தால், பார்ப்பது வேறு ஏதோ பூஞ்சை. அடுப்படியிலிருந்தே இரண்டு கட்டுப்பாட்டுச் செடிகள் கிடைத்துவிடுகின்றன.

வியாழன்: நுண்ணோக்கியின் கீழ்

ஸ்லைடில் கிளிசரின் ஒரு சொட்டு, அதன்மேல் பத்து வேர்த்துண்டுகளை இணையாக அடுக்கி, கவர்ஸ்லிப் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்த வேண்டும். நூறு மடங்கில் தேடி, நானூறு மடங்கில் உறுதி செய்யுங்கள்.

நிலவேம்பு வேர் ஒன்றை நுனியிலிருந்து பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். வளரும் நுனியில் ஒன்றும் இருக்காது. சற்றுப் பின்னால், வெளித்தோலில் ஓர் இழை வந்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் தட்டையாக வீங்கி, அங்கிருந்து உள்ளே நுழைந்திருக்கும். உள்ளே போனதும் இழை செல்களுக்கு இடையில் வேரின் நீளவாட்டில் ஓடும், பருமன் சீராக இருக்காது, குறுக்குச் சுவர் அநேகமாக இல்லை. அந்த இழையிலிருந்து புறணியின் உள்ளடுக்குச் செல்லுக்குள் ஒரு கிளை போய், மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும். நீல மையில் அது பொரிந்த மாதிரித் தெரியும், விளிம்பு ஒருபோதும் கூர்மையாகக் குவியாது. அதுதான் ஆர்பஸ்க்யூல். கொடுக்கல் வாங்கல் நடப்பது இங்கேதான்: பூஞ்சை பாஸ்பேட் தருகிறது, செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஓர் ஆர்பஸ்க்யூலின் ஆயுள் சில நாட்கள்தான். பிறகு செடியே அதைச் செரித்துவிட்டு அந்தச் செல்லை மீட்டுக்கொள்ளும். ஒரே வேரில் புதியதும் கட்டிப்போன பழையதும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவது இதனால்தான்.

முட்டை வடிவில், வழவழப்பாக, எண்ணெய்த் துளிகளோடு இருப்பவை வெசிக்கிள் என்கிற சேமிப்புப் பைகள். வெசிக்கிள் இல்லாததை வைத்து வேர்ப்பூஞ்சை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஜிகாஸ்போரா குடும்பத்துப் பூஞ்சைகள் வேருக்குள் வெசிக்கிள் போடுவதே இல்லை. சில செடிகளில் இழை செல்லுக்குச் செல் சுருண்டு சுருண்டு போகும், செல் நடுவே மரம்போல் நிற்காது. இந்த இரண்டு அமைப்பையும் 1905-லேயே கல்லோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்துக் காட்டிவிட்டார்.

இனி, ஏமாற்றுகிறவை. பழுப்பாக, குறுக்குச் சுவர் தெளிவாக, சாயமே ஏறாமல் ஓடும் இழை கருஞ்சுவர் உள்வாழ் பூஞ்சை. செல்லுக்குள் தடித்த சுவருள்ள கரும்பழுப்புச் செல்கள் கூட்டமாக நெருங்கி இருக்கும். வறண்ட, உப்பு மண்ணில் இது சகஜம். கெடுதலா நன்மையா என்பது செடிக்குச் செடி, பூஞ்சைக்குப் பூஞ்சை மாறும். நட்சத்திரம் போல முள்முள்ளாக இருக்கும் ஓய்வு வித்துகள் ஆல்பிடியம் என்ற ஒட்டுண்ணியுடையவை, புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத்தான் வெசிக்கிள் என்று எண்ணிக் கணக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். சைலம் என்கிற நீர்க்குழாயின் சுருள் தடிப்பும் நீலமாகத் தெரியும், அது செடியின் சொந்தப் பாகம். நீல இழை சைலத்துக்குள்ளேயே ஓடினால் அது வாடல் நோய்க் கிருமி. வேர்ப்பூஞ்சை, புறணியின் உள் எல்லையான அகத்தோலைத் தாண்டுவதில்லை.

கணக்கு: ஒவ்வொரு துண்டையும் நுண்ணோக்கிக் கண்வில்லையின் குறுக்குக் கோடு வெட்டும் இடங்களில் பார்த்து, பூஞ்சை உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டும். 150 வெட்டுப்புள்ளிகளாவது வேண்டும். அதில் 96-இல் உண்டு என்றால் 64 சதவீதம். ஆர்பஸ்க்யூல், வெசிக்கிள், வெறும் இழை மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 64 சதவீதத்தில் பெரும்பகுதி வெசிக்கிள் என்றால் அந்த வேர் கிழடு, வாணிபம் முடிந்துவிட்டது. மூலிகைக் கட்டுரைகளில் ஒற்றைச் சதவீதத்தைக் கொடுத்துவிட்டு 'பூஞ்சை அதிகம், ஆகவே மருந்துச் சத்து அதிகம்' என்று முடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. குடியேற்றம் ஓர் அளவு, மருந்துச் சத்து வேறோர் அளவு. இரண்டையும் தனியாக அளக்காமல் முடிச்சுப் போட முடியாது.

நாயுருவி கீரைக் குடும்பம். அதன் வேரில் குடியேற்றம் சொற்பமாகவோ இல்லாமலோ இருந்தால் சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளி: திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம்

கடற்கரை மணல் வித்து பார்க்கிறவருக்குக் கொடுப்பினை. அண்ணா நகர், மேற்கு மாம்பலம் களிமண்ணில் சல்லடை நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். இங்கே தண்ணீர் ஊற்றினால் மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். அடப்பங்கொடி, எருக்கு, நெருஞ்சி மூன்றும் மணல் மேட்டில் கிடைக்கும். அலை தொடும் இடத்தை விட்டு மேட்டுக்கு வந்து, கொடியின் கணுவிலிருந்து இறங்கும் வேரைச் சுற்றி, மேல் மணலை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு எடுங்கள்.

1963-இல் ஜெர்டமன், நிக்கல்சன் சொன்ன ஈரச் சலிப்பு முறை இன்றும் மாறவில்லை. 100 கிராம் மணலை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, பத்து இருபது நொடி விட்டு, மேல்நீரைச் சல்லடை அடுக்கில் ஊற்ற வேண்டும்: மேலே 710, பிறகு 250, 106, கடைசியில் 45 மைக்ரான். மூன்று முறை கலக்கி ஊற்றினால் போதும். மேல் சல்லடையில் தங்கும் வேரையும் சருகையும் வைத்துக்கொண்டு, கீழ் மூன்றில் தங்கியதைத் தனித்தனியே கழுவி எடுக்க வேண்டும். இன்னும் குப்பை இருந்தால், அதைக் குழாயில் எடுத்து 50 சதவீதச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஒரு நிமிடம் சுழற்றினால் வித்து மிதக்கும், மணல் இறங்கும். ரேஷன் சர்க்கரையே போதும். மிதந்ததை உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். சர்க்கரையில் ஊறவிட்டுக் காபி குடிக்கப் போனால் வித்துக்குள்ளிருக்கும் நீர் வெளியேறிச் சுருங்கிவிடும்.

வித்துகள் 40 முதல் 400 மைக்ரான் வரை, மஞ்சள், தேன் நிறம், வெள்ளை, கரும்பழுப்பு என்று பல நிறம். மணல் மேடுகளில் ஜிகாஸ்போரா குடும்பத்தின் பெரிய உருண்டைகள் அடிக்கடி வரும், வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். பூச்சி முட்டையா வித்தா என்ற சந்தேகம் வந்தால் காம்பு தேடுங்கள். வித்து ஓர் இழையின் நுனியில் உண்டானதால் அறுந்த காம்பின் தடம் பெரும்பாலும் இருக்கும். அக்காலோஸ்போரா போன்ற சிலவற்றில் காம்பு உதிர்ந்து தழும்பு மட்டும் மிஞ்சும். ஊசியால் அழுத்தினால் உயிருள்ளது எண்ணெய் கக்கி வெடிக்கும், செத்தது காலியாக நசுங்கும். எண்ணிக்கையில் செத்ததையும் சேர்த்துவிடுவது பரவலான தவறு.

சனி: மயிலாப்பூரும் தரமணியும்

வேருக்குள் இருப்பது வேம் மட்டும் அல்ல. ஆய்வகத்தின் அகர்த் தட்டில் (பெட்ரி டிஷ்) வளர்க்கக்கூடிய உள்வாழ் பூஞ்சைகளும் உண்டு. இந்தத் துறைக்குச் சென்னையில் நீண்ட மரபு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவன் மண்வாழ் பூஞ்சைகளையும், சி.வி. சுப்பிரமணியன் பூஞ்சை வகைப்பாட்டையும் உலகம் கவனிக்கும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாபீடத்தில் இருக்கும் விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தில் டி.எஸ். சூரியநாராயணன் உள்வாழ் பூஞ்சைகளுக்கென்றே பல ஆண்டு உழைத்தவர்.

வேம் பூஞ்சையைத் தட்டில் தனியே வளர்க்க முடியாததற்குக் காரணம் 2017-இல் தெளிவானது: தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே கட்டும் ஆற்றல் அதற்கு இல்லை, செடியிடமிருந்து வாங்கியாக வேண்டும். உள்வாழ் பூஞ்சைகள் அப்படியல்ல. தார் பாலைவனத்தில் கண்டெடுத்து 1998-இல் விவரிக்கப்பட்ட பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா வேருக்குள்ளும் வாழும், தட்டிலும் வளரும். நாற்றங்கால் சோதனைகளில் அது இவ்வளவு பிரபலமானதற்கு அதுவே காரணம்.

பிரித்தெடுக்கும் முறை: உருளைக்கிழங்கு 200 கிராம் வேகவைத்த சாறு, டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகர் 15 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். பாக்டீரியாவை அடக்க குளோராம்பெனிகால் 150 மி.கி. புதிதாக எடுத்த வேரை அரை செ.மீ. நறுக்கி, 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு நிமிடம், 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு மூன்று நிமிடம், மீண்டும் ஆல்கஹாலில் அரை நிமிடம், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று அலசல். சல்லிவேருக்கு மூன்று நிமிடம் தாண்டினால் உள்ளே இருப்பதும் செத்துவிடும், குறைத்தால் மேலே ஒட்டிய டிரைகோடெர்மா இரண்டே நாளில் தட்டை மூடிவிடும். நடுவில் சரியான நேரம் எது என்று சொல்வது முத்திரைச் சோதனைதான்: கழுவிய துண்டைத் தட்டில் ஒரு நிமிடம் உருட்டி எடுத்துவிடுங்கள். அந்த வெற்றுத் தடத்தில் ஏதாவது முளைத்தால் மேற்பரப்பு சுத்தமாகவில்லை. அந்தத் தொகுதி முழுவதும் கழிவு.

தட்டுகளை 26 டிகிரியில் மூன்று நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் வருவது வேகக்காரப் பூஞ்சை. அவசரப்பட்டுத் தட்டைக் கழுவுகிறவர்களுக்கு மெதுவாக வரும் கருஞ்சுவர் இனங்கள் கிடைக்காது. தட்டின் விளிம்பைப் பாராஃபிலிம் என்ற மெழுகு நாடாவால் சுற்றாவிட்டால் மைட் என்ற நுண்பூச்சி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு வித்தைச் சுமந்துபோய் எல்லாவற்றையும் கலந்துவிடும்.

உள்வாழ் பூஞ்சை மருந்தையே தயாரிக்கிறது என்ற பேச்சு 1993-இல் தொடங்கியது. பசிபிக் யூ மரத்திலிருந்து பிரித்த டாக்சோமைசிஸ் ஆண்ட்ரியானே என்ற பூஞ்சை டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் தருவதாக அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிடைத்தது லிட்டருக்கு நானோகிராம் கணக்கில். செடியை விட்டு வெளியே வந்த பூஞ்சைகள் அடுத்தடுத்த தட்டுமாற்றங்களில் உற்பத்தியை மேலும் குறைத்துக்கொள்வதுதான் இத்துறையின் தீராத தலைவலி. முதல் தட்டிலேயே ஒரு பகுதியைக் கிளிசராலில் உறையவைக்காமல் ஆறு மாதம் தட்டு மாற்றிக்கொண்டிருந்தால் கையில் மிஞ்சுவது வெறும் பஞ்சு.

தரமணியில் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. உயிரியல் பன்முகச் சட்டம் 2002 பூஞ்சைக்கும் பொருந்தும். வளர்ப்பை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவோ காப்புரிமை கோரவோ எண்ணமிருந்தால் முதலில் இங்கே விசாரியுங்கள்.

ஞாயிறு: மாடித்தோட்டத்துக்கு வேம்

கடையில் விற்கும் வேம் வெர்மிகுலைட்டிலோ மண்ணிலோ கலந்த வித்தும் வேர்த்துண்டும்தான். பாலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம். நாற்றங்கால் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம். விதைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் ஒரு அடுக்காகப் போட வேண்டும், முளைத்து இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். மண் மேலே தூவித் தண்ணீர் விடுவது காசைக் கரைப்பது. நாற்றை மாற்றி நடும்போது குழியில் போட்டால் வேரோடு ஒட்டியிருக்கும்படி போடுங்கள்.

பலன் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் டி.ஏ.பி. என்ற பாஸ்பரஸ் உரம். மண்ணில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தால் செடிக்குப் பூஞ்சை தேவையில்லை, வாசலிலேயே நிறுத்திவிடும். அடுத்தது கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. வேரழுகலுக்கு என்று ஊற்றுவது வேம் பூஞ்சையையும் அடக்கிவிடும். கழுவாத தென்னை நார்க்கழிவின் உப்பு, தண்ணீர் தேங்கும் தட்டு இரண்டும் அதற்கடுத்து வரும். நன்றாக மக்கிய உரம் தொட்டிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வேமை வீட்டிலேயே பெருக்கலாம். ஆற்று மணலும் தோட்ட மண்ணும் சரிபாதி கலந்து, குக்கரில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு முறை. ஆறியதும் தொட்டியில் முக்கால்வாசி நிரப்பி, நம்பகமான வேம் ஓர் அடுக்கு, மேலே மண், அதில் சோளமோ மக்காச்சோளமோ விதைக்க வேண்டும். மூன்று மாதம் வளரவிட்டு, தண்ணீரைப் பத்து நாள் நிறுத்துங்கள். செடி காயும்போது பூஞ்சை வித்துக்குப் போகும். தண்டை வெட்டி எறிந்து, வேரை நறுக்கி மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்தினால் அடுத்த பருவத்துக்குச் சரக்கு தயார். துளசியையோ அமுக்கராவையோ பெருக்கும் செடியாக வைக்க வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழு அவற்றில் சுலபமாக வரும். வேமோடு சேர்ந்து புழுவும் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். உலர்த்துவதற்கு முன் வேரில் முடிச்சு தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

சரக்கை ஜிப் கவரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைபெட்டி வேண்டாம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு பிடியை ஆவியில் வைத்த மணலில் கலந்து சின்ன வெங்காயம் நட்டு, ஆறாவது வாரம் வேருக்குச் சாயம் ஏற்றிப் பாருங்கள். கடையில் வாங்கிய பாக்கெட்டுக்கும் இதே சோதனைதான். மாடியில் கறுப்பு வளர்ப்புப் பை வைத்திருப்பவர்கள் சித்திரை வருவதற்குள் பையைச் சுற்றிச் சாக்கு கட்டி, தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுங்கள். தளத்தின் சூட்டில் முதலில் கருகுவது பையின் ஓரத்து சல்லிவேர்தான்.